ஓடினவையும் நிண்டவையும்

லோறன்ஸின் வாசல் படலை இரண்டு நாளாக வெளிப்பக்கம் கம்பியால் கட்டிக் கிடந்தது.

எதிர்வீட்டுச் சிசிலியா முதல் நாள் அதைக் கண்டும் காணாதவள் போல இருந்துவிட்டாள். இரண்டாம் நாள் காலையில் அவளால் இருக்க முடியவில்லை. தேத்தண்ணிக் கோப்பையோடு நான்கு தரம் வாசலுக்கு வந்து பார்த்தாள். லோறன்ஸின் துணிக்கொடியில் அவர் உடுக்கும் ஒரு சாரம் நேற்றுக் காய்ந்து, இரவு மழையில் நனைந்து, மறுபடியும் காய்ந்துகொண்டிருந்தது. வேலியோரம் இரண்டு கழுதைகள் அவருடைய முருங்கைக் கன்றை மொட்டையடித்துக்கொண்டு நின்றன. மனிதர் வீட்டில் இருந்தால் கழுதைகள் அந்தப் பக்கம் எட்டியும் பாரா.

லோறன்ஸுக்கு எழுபத்திரண்டு வயது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து போட்டேறி, கடல்வழியாக அகதியாக இந்தியாவுக்குப் போனவர். மண்டபம் அகதி முகாமிலே மனைவி மரியம்மாவை அடக்கம் செய்துவிட்டு, பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட, சண்டை முடிந்து இரண்டு வருடத்தில் தனியாகத் திரும்பி வந்தார். பழைய காணியில் தகரக் கூரை போட்டுக் குடியிருந்தார். அது நடந்தும் இரண்டு வருடம் ஆகிவிட்டது.

அவர் வாயைத் திறந்தால் "அங்க" என்றுதான் வரும். அங்க தண்ணி லொறி நேரத்துக்கு வரும். அங்க அரிசி மாதம் தவறாது. ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில் இருந்தவர்கள் அதைக் கேட்டுச் சிரித்துப் பழகிவிட்டார்கள். சிசிலியாவால் பழக முடியவில்லை. படலை கட்டுவதற்கு முந்தின நாள் பின்னேரம் குழாயடியில் தண்ணீர் நூலாக வடிந்துகொண்டிருந்தபோது அவர் மறுபடியும் "அங்க எண்டால்..." என்று தொடங்கினார்.

"ஓடிப் போனவைக்கு இங்க என்ன குறைக்கதை?" என்று சிசிலியா கேட்டுவிட்டாள். "நாங்கள் செல்லடி குண்டடிக்குள்ள நிண்டு காத்த ஊர் இது. அங்க அவ்வளவு நல்லதெண்டால் அங்கயே கிடந்திருக்கலாமே."

வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. லோறன்ஸ் பாதி நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் விடிந்தபோது படலை கட்டிக் கிடந்தது.

"என்ன சிசிலியாக்கா, குட்டி போட்ட பூனை மாதிரி நடக்கிறீங்க?"

பக்கத்து வீட்டு உம்மு குல்சூம் வேலிக்கு மேலால் கேட்டாள். ஊரிலிருந்த முஸ்லிம் சனம் முழுவதையும் இயக்கம் வெளியேற்றிய தொண்ணூறிலே அவளும் போனவள். புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு, முழங்கால் நோவோடு திரும்பி வந்திருந்தாள்.

"லோறன்ஸண்ணையைக் காணேல்லை, உம்மு."

"நேத்து விடிய முன்னம் சுபஹு தொழுதுட்டு வெளியில வந்தேன். வெள்ளைச் சேட்டுப் போட்டு, குடையும் ஒரு பையும் கொண்டு போனாரு. கோயிலுக்கு எண்டு நினைச்சேன்."

"நேற்றுப் புதன்கிழமை. கோயிலில ஒண்டும் இல்லை."

இரண்டு வீடு தள்ளி, விறாந்தைக் கதிரையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பரமநாதன் தலையைத் தூக்கினார். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒழுங்கையில் எந்தக் கதையும் அவரைத் தாண்டிப் போகாது.

"முந்தநாள் பொழுதுபட என்னட்டை வந்தவர்" என்றார். "தலைமன்னாரில இருந்து இந்தியக் கரை எத்தினை மைல் எண்டு கேட்டவர். நான் பதினெட்டு எண்டு சொன்னனான். சும்மா கேக்கிறார் எண்டு நினைச்சன்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சாரம், வெள்ளைச் சேட்டு, பை, பதினெட்டு மைல். ஒவ்வொருவரும் கண்டது ஒரு துண்டுதான். ஒன்றாக வைத்தபோது சிசிலியா கையிலிருந்த கோப்பையை வாசற்படியில் வைத்தாள்.

"பாஸ்போட் இல்லாத மனுசன்" என்றார் பரமநாதன். "களவாப் போட்டேறினால் நேவி பிடிக்கும். பொலிசில சொல்லுவமோ?"

"பொலிசு வேண்டாம். டொமினிக்கைக் கூப்பிடுங்கோ."

டொமினிக் ஒழுங்கை முகப்பில் ஓட்டோ வைத்திருப்பவன். பேசாலையில் பிறந்து, கலியாணம் கட்டி இங்கே வந்தவன். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தான். சிசிலியா ஏற, "நீங்க தனியப் போறதா?" என்று கேட்டுக்கொண்டு உம்மு குல்சூமும் முழங்காலைப் பிடித்தபடி ஏறினாள்.

தலைமன்னார் வீதியில் காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. சிசிலியா ஒரு நிமிடம் சும்மா இருக்கவில்லை. முந்தானையை இழுத்தாள், செபமாலையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கடைசியில் குழாயடியில் நடந்ததைச் சொன்னாள். அன்றைக்கு உம்மு குல்சூம் அங்கே இருக்கவில்லை.

கேட்டு முடிய உம்மு குல்சூம் அவள் பக்கம் திரும்பினாள். "அப்ப நானும் ஓடினவள்தானா?"

"ஐயோ உம்மு, உங்களை ஆர் சொன்னது? உங்களைத் துரத்தினவையல்லோ."

"கரையில நிண்டு பாக்கிற ஆளுக்கு ரெண்டும் ஒண்டுதான், சிசிலியாக்கா. போற ஆளின்ட முதுகு மட்டும்தான் தெரியும்."

பேசாலை கடந்து போயிற்று.

இறங்குதுறைக்குப் போகும் வழியில் கடற்படைக் காவலரண் இருந்தது. காவலுக்கு நின்ற சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. சிசிலியாவுக்குச் சிங்களம் தெரியாது. புத்தளத்து இருபது வருடம் அப்போது கைகொடுத்தது. உம்மு குல்சூம் தன் வீட்டுப் பிள்ளையோடு பேசுவதுபோல அவனோடு சிங்களத்தில் பேசினாள். அவன் தலையாட்டினான், கையால் குடையைப் போலக் காட்டினான், சிரித்தான்.

"நேத்து வந்திருக்காரு" என்று அவள் திரும்பி வந்து சொன்னாள். "கடலைப் பாக்க விடச் சொல்லிக் கேட்டாராம். கன நேரம் நிண்டாராம். இவன் தாத்தாவைக் கூப்பிடுற மாதிரி 'சீயா, வீட்டுக்குப் போங்க' எண்டு தேத்தண்ணி குடுத்து, மூணு மணி பஸ்ஸில ஏத்தி விட்டிருக்கான்."

"மூண்டு மணி பஸ்ஸில ஏறின மனுசன் எங்க போச்சுது?"

டொமினிக் ஓட்டோவின் கைபிடியைப் பிடித்தபடி நின்றான். பிறகு, "ஒரு இடம் பாப்பம்" என்றான். "பேசாலையில. தொண்ணூறில சனம் போட்டேறின கரை எனக்குத் தெரியும்."

அவன் அதைச் சொல்லும்போது சிசிலியாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பேசாலைக் கரையில் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. கடைசியாக இருந்த வாடி மரியதாஸ் என்ற மீன்காரருடையது. கிடுகால் வேய்ந்த அந்தக் குடிசைக்குள், வலைக் குவியலுக்குப் பக்கத்தில், பாயில் சுருண்டு படுத்திருந்தார் லோறன்ஸ். வெள்ளைச் சேட்டு முழுக்க மணல்.

"நேற்றுப் பின்னேரம் வந்து இந்தக் கரையில குந்தினவர்" என்றார் மரியதாஸ். "மழை வந்தும் எழும்பேல்லை. நான்தான் இழுத்துக்கொண்டு வந்து போட்டனான். விடிய விடியக் காய்ச்சல்."

சிசிலியா பக்கத்தில் இருந்து நெற்றியைத் தொட்டாள். கொதித்தது. உம்மு குல்சூம் மரியதாஸின் அடுப்பில் பால் விடாத பிளேன்ரீக்குத் தண்ணீர் வைத்தாள்.

"என்னண்ணை இது? என்ர வாய்க்குத்தான் நல்ல அடி விழவேணும். அதுக்காக இந்த வயசில திரும்பப் போட்டேறப் பாத்தியளோ?"

லோறன்ஸ் கண்ணைத் திறந்தார். "போகேல்லை, சிசிலியா. நான் ஓடினனானோ எண்டு பாக்க வந்தனான்."

காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று அவள் நினைத்தாள். ஆனால் அவருடைய குரல் தெளிவாக இருந்தது.

"முதல் தலைமன்னாருக்குப் போய் மரியம்மா கிடக்கிற பக்கத்தைப் பாத்தனான். அங்க மனம் நிக்கேல்லை. இங்க வந்தனான். அண்டைக்குப் போட்டு இந்த இடத்திலதான் நிண்டது. உங்கட குடும்பத்துக்கும் சேத்துப் பேசின போட்டு. முன்னுக்கு அணியத்தில உங்கள் மூண்டு பேருக்கும் இடம் விட்டிருந்தது."

சிசிலியாவின் கை அவருடைய நெற்றியிலேயே நின்றுவிட்டது. அடுப்படியில் உம்மு குல்சூம் திரும்பிப் பார்த்தாள்.

இருபத்து மூன்று வருடமாகச் சிசிலியா யாருக்கும் சொல்லாத சங்கதி அது. அவளும் கணவன் யோசேப்பும் ஐந்து வயது மகள் பிரஷாந்தியும் அந்தப் போட்டில் போக வீட்டை விட்டு வெளிக்கிட்டவர்கள். போட்டைத் தவறவிட்டதைச் சொல்ல அப்போது வெட்கமாக இருந்தது. அடுத்த வருடம் யோசேப் செல்லடியில் செத்தான். அதற்குப் பிறகு "நாங்கள் நிண்டனாங்கள்" என்று சொல்லத் தொடங்கினாள். சொல்லச் சொல்ல அதுவே உண்மையாகிவிட்டது.

"கிழக்கு வெளிக்கிற நேரம்" என்று லோறன்ஸ் தொடர்ந்தார். "நீங்கள் வரேல்லை. மரியம்மா இன்னும் கொஞ்சம் பாப்பம் எண்டாள். நான்தான் 'எடுங்கோ, எடுங்கோ' எண்டு போட்டுக்காரரைப் பாத்துக் கத்தினனான். பயம். வேற ஒண்டும் இல்லை, பயம். போட்டை எடுத்திட்டார். பிறகு யோசேப் செத்த செய்தி முகாமுக்கு வந்தது. மரியம்மா மூண்டு நாள் என்னோட கதைக்கேல்லை."

"குழாயடியில ஏன் இதைச் சொல்லேல்லை? நீயும் ஓட வெளிக்கிட்டனீதானே எண்டு அத்தனை சனத்துக்கு முன்னால கேட்டிருக்கலாமே?"

"என்னெண்டு கேக்கிறது? உன்னை விட்டிட்டுப் போன ஆள் நான்."

சிசிலியா எழுந்து வாடிக்கு வெளியே போனாள். கடல் ஒரு பக்கம் வெயிலிலும் ஒரு பக்கம் முகில் நிழலிலும் கிடந்தது. அவருடைய கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அதே நேரம், வாளியைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போன அவருடைய முதுகும் கண்ணுக்குள் நின்றது. எதை நினைப்பது என்று தெரியாமல் கரையில் மேலும் கீழும் நடந்தாள். செருப்புக்குள் மணல் ஏறியது. டொமினிக் வந்து, "வெளிக்கிடுவம் அக்கா, ஆஸ்பத்திரியில காட்டவேணும்" என்றபிறகுதான் நின்றாள்.

வரும் வழியில் ஓட்டோ குலுங்கும்போதெல்லாம் நடுவில் இருந்த லோறன்ஸின் தலை சிசிலியாவின் தோளில் சாய்ந்தது. அவள் தள்ளவில்லை.

மருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த மூன்று நாளும் சிசிலியா கஞ்சி காய்ச்சினாள். உம்மு குல்சூமிடம் கொடுத்தனுப்பினாள். தான் லோறன்ஸின் படலையைத் தாண்டவில்லை. வீட்டிலும் இருப்புக் கொள்ளவில்லை. கூட்டின இடத்தையே கூட்டினாள். நானாட்டானில் படிப்பிக்கும் மகள் பிரஷாந்திக்குப் போன் எடுத்து, கோழிகளைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்தாள்.

பரமநாதன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் படலையடிக்கே வந்தார். "என்ன நடந்ததாம்?"

"ஒண்டுமில்லை. மழையில நனைஞ்சிட்டார்."

அவர் நம்பவில்லை, ஆனாலும் போய்விட்டார்.

மூன்றாம் நாள் உம்மு குல்சூம் வெறும் சட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு நீங்களே கொண்டு போங்க" என்றாள். "எனக்கு முழங்கால் ஏலாது."

"என்னில கோவமோ, உம்மு?"

"கொஞ்சம் இருந்திச்சு. நீங்களும் கரைக்குப் போன ஆள் எண்டு தெரிஞ்ச பிறகு இல்ல."

அன்றைக்குப் பின்னேரம் டொமினிக் வந்தான். உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசலிலேயே நின்றான்.

"அக்கா, லோறன்ஸண்ணை வாடிக்குள்ள சொன்னது எனக்கும் கேட்டது. அண்டைக்குப் போட்டு ஓட்டினது எங்கட அப்பு, என்ர தகப்பன்."

சிசிலியா கையிலிருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"அப்பு ஆரின்ர சொல்லுக்கும் போட்டெடுக்கிற ஆளில்லை. தூரத்தில நேவிக்காரன்ர லைற்றைக் கண்டவர். போட்டில முப்பது சனம், பச்சைக் குழந்தையளும். அதாலதான் எடுத்தவர். லோறன்ஸண்ணை கத்தினது அவருக்குக் கேட்டிருக்கவே மாட்டுது, எஞ்சின் சத்தத்துக்குள்ள. 'சிசிலியா குடும்பத்தை விட்டிட்டன்' எண்டு சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர்."

"இவ்வளவு காலமும் எனக்கு ஏன் சொல்லேல்லை, டொமினிக்?"

"நீங்கள் வெளிக்கிட்டதையே ஒருத்தருக்கும் சொல்லேல்லை, அக்கா. நான் என்னெண்டு சொல்லுறது?"

அடுத்த நாள் காலையில் சிசிலியா கஞ்சிச் சட்டியைச் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தாள். பரமநாதனின் பேப்பர் கொஞ்சம் தாழ்ந்தது.

லோறன்ஸ் சுவரில் சாய்ந்து இருந்தார். நாலு நாளில் முகம் ஒட்டிப் போயிருந்தது. அவளைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

"இருங்கோ அண்ணை."

கஞ்சியைக் கோப்பையில் ஊற்றி அவருடைய கையில் கொடுத்தாள். நின்றபடியே, டொமினிக் சொன்னதை முழுவதும் சொன்னாள். லோறன்ஸ் கோப்பையை வாய்க்குக் கொண்டு போகாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஆறுதல் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை.

"லைற்றோ?" என்றார். "நான் காணேல்லை. நான் கத்தினது எனக்குத் தெரியும்தானே." கொஞ்சம் பொறுத்து, "மரியம்மா இருந்திருந்தால் அவளுக்கு இதைச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

சிசிலியா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "குழாயடியில சொன்னதுக்கு என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. வரிசையில நிண்ட எல்லாருக்கும் நானே சொல்லுறன், நானும் வெளிக்கிட்டனான் எண்டு."

"வேண்டாம். சனத்துக்கு என்னத்துக்கு?" அவர் அவளைப் பார்த்தார். கண்ணில் ஏதோ தவித்தது. "ஒண்டு கேக்கவேணும். இருபத்து மூண்டு வருசமாக் கேக்கவேணும் எண்டு இருந்தனான். நீங்கள் அண்டைக்கு வந்தனீங்களோ? இல்லாட்டி மனம் மாறி நிண்டிட்டியளோ?"

"வந்தனாங்கள்."

லோறன்ஸ் கோப்பையைக் கீழே வைத்தார்.

"லொறி கரிசல் கிராமத்தடியில பழுதாகி நிண்டிட்டுது. பிள்ளையை மாறி மாறித் தூக்கிக்கொண்டு மணலுக்குள்ளால நடந்தம். கரைக்கு வரேக்க விடிஞ்சு வெளிச்சிட்டுது. போட்டு கடலில தூரத்தில ஒரு கை அளவு தெரிஞ்சது. யோசேப் சேட்டைக் கழட்டி வீசி வீசிக் காட்டினார். நான் சத்தம் போட்டனான்."

"எங்களுக்குக் கேக்கேல்லை."

"கேட்டிராது."

"பிறகு?"

இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. எங்கிருந்து சொல்வது என்று யோசித்தாள்.

"பிறகென்ன. அவ்வளவு தூரமும் திரும்பி நடந்தனாங்கள். வெளிக்கிட்ட அவசரத்தில கதவு பூட்டேல்லை. கோழியள் குசினிக்குள்ள நிண்டுதுகள். அடுப்பில அரைவாசி வெந்த சோறு. பிரஷாந்தி பசிக்குது எண்டு அழுதாள். யோசேப் ஒண்டும் கதைக்காமல் தும்பும் சுள்ளியும் பொறுக்கிக்கொண்டு வந்தார். நான் திரும்ப நெருப்பை மூட்டினனான்."