ஐந்தாம் சுற்றுக் காய்ச்சல்

பீப் பீப் பீப் பீப் என்று கத்தியது வெப்பமானி, நாற்பத்தொன்று புள்ளி இரண்டு, இருக்காது, இந்தக் கருவிக்குப் பைத்தியம், போன மாதம்கூட ஒருநாள் இப்படித்தான் உளறியது... "பன்னிக்கு உங்க மேல பயம் அக்கா, உங்களைப் பாத்தாலே ஜுரம் ஏறுது" என்று பன்றியின் காதைப் பிடித்திருந்த உதவியாளன் லுவான் சிரித்தான். "இளிச்சது போதும், அடுத்ததைப் பிடி" என்றாள் தியேப். அடுத்தது நாற்பத்தொன்று. அதற்கடுத்தது நாற்பது புள்ளி ஒன்பது. லுவானின் சிரிப்பு அப்போதுதான் நின்றது, இவனுக்கு எதுவுமே தாமதமாகத்தான் உறைக்கும். கூண்டில் இருப்பது ஐந்து, மூன்றுக்குக் காய்ச்சல், ஒன்று தீவனத்தை முகர்ந்துகூடப் பார்க்காமல் சுவரோரம் சுருண்டு கிடக்கிறது, காது விளிம்பில் அது என்ன, சிவப்பா, ஊதாவா, விளக்கு வெளிச்சமா? ரத்தம் எடுத்துச் சோதனை அறைக்கு அனுப்பியாயிற்று. முடிவு வர இரண்டு மணி நேரம்.

இரண்டு மணி நேரம் என்ன செய்வது, குளிக்க வேண்டியதுதான், இந்த ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வருகிறவர் தலைக்குக் குளிக்காமல் கதவு திறக்காது, டிசம்பர் மாதத்து ஹனோயில் வெந்நீர்க் குழாய் பழுது, நாலு முறை எழுதிக் கொடுத்தும் யாரும் வந்து பார்க்கவில்லை, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, நாற்பத்தோரு வயதுக்கு இது போதாதா... ஆறு வருஷம். நூற்றைம்பதுக்கு மேல் மரபணுக்கள், பன்றிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் அந்தக் காய்ச்சல் வைரஸுக்கு, அதில் ஒன்றைத் தேடிப் பிடித்து வெட்டி எடுத்து, பல்லைப் பிடுங்கிய பாம்பாக்கி அதையே தடுப்பூசியாக்கினாள். ஊசி போட்ட பன்றியின் ரத்தத்தை அடுத்த பன்றிக்கு, அதன் ரத்தத்தை அடுத்ததற்கு, இப்படி ஐந்து சுற்று, எந்தச் சுற்றிலும் பழைய வீரியம் திரும்பக் கூடாது. நாலு சுற்று ஒரு தும்மல்கூட இல்லை, இந்த ஐந்து பன்றிகள்தான் கடைசிச் சுற்று. நாளைக்கு ஒப்புதல் விஷயமாக அமைச்சகத்திலிருந்து வருகிறார்கள், நிறுவன இயக்குநர் விருந்துக்கு வாத்துக்கறி சொல்லிவிட்டார், வாத்து ஒன்றுதான் குறைச்சல் இப்போது! ஹுங் யென்னில் பன்றி வளர்க்கும் அண்ணன் வேறு, போன தடவை நோய் வந்தபோது நாற்பத்து மூன்று பன்றிகளைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தவன், "உன் ஊசி வரப்போவுதுல்ல, குட்டி வாங்கிட்டேன்மா" என்கிறான், யார் வாங்கச் சொன்னது இவனை, ஒப்புதல் வருமுன்னே...

சோப்பு கண்ணில் எரிந்தது. யோசி, ஒழுங்காக யோசி. வெட்டிய மரபணு சோதனைக்குப் போன ரத்தத்தில் இருந்தால், இது அவள் வைரஸ் இல்லை, வெளியிலிருந்து வந்த காட்டு வைரஸ், யாரோ காலிலோ கையிலோ கொண்டு வந்தது, தடுப்பூசிமேல் பழியில்லை, கூண்டைக் கழுவிவிட்டு ஐந்தாம் சுற்றை மறுபடி நடத்தலாம். இல்லாவிட்டால்... இல்லாவிட்டால் அவளுடையதேதான், மிச்ச மரபணுக்கள் ஒன்றுகூடி, வெட்டியெடுத்ததன் வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டன, ஆறு வருஷமும் குப்பை. வெளியிலிருந்து என்றால் எப்படி? போன வியாழக்கிழமை! பன்றிகளுக்கு ஐந்தாம் சுற்று ரத்தம் ஏற்றிய அன்று, உடைமாற்றும் அறைக் குப்பைக்கூடையில் வாழையிலைத் துண்டு, புளித்த வாடை, நெம் சுவா, வேகவைக்காத பன்றி இறைச்சியைப் புளிக்க வைத்துச் சுற்றிய இலை. உள்ளே வேலை செய்கிறவன் ஐந்து நாளைக்குப் பன்றிக்கறியைத் தொடவே கூடாது, லுவான் ஊரில் அவன் அப்பாவின் நினைவு நாள் விருந்துக்குப் போய்விட்டுப் பொட்டலத்தோடு வந்திருக்கிறான். எப்படிக் கத்தினாள் அன்றைக்கு! தன் தப்பைத் தானே எழுதிக் கையெழுத்துப் போடும் கடிதம் கேட்டாள், எழுதினான், 'வாயிற்கதவுக்கு வெளியே ஒரு துண்டு தின்றேன், இலை சட்டைப் பையில் இருந்தது, உள்ளே எதையும் கொண்டு போகவில்லை', பொய் என்று கிழித்தாள், மறுபடி எழுதினான், அதையேதான், மூன்றாவதும் அதையேதான். இப்போது அந்தப் பொய்யை நினைத்தால் நெஞ்சு ஏன் இப்படிக் குளிர்கிறது? உள்ளேதான் தின்றிருப்பான், கை கழுவாமல் தீவனத்தைத் தொட்டிருப்பான், முட்டாள், தின்றிருக்கட்டும், கடவுளே, தின்றிருக்கட்டும்... எதற்கு வேண்டிக்கொள்கிறாள் அவள்?

வெளியே நடைவழிப் பெஞ்சில் லுவான் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தான். கடிகாரத்தில் இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடம் பாக்கி. பேசாமல் கடந்து போயிருக்கலாம், சோதனைக் கருவி யாருடைய கடிதத்தையும் படிக்கப் போவதில்லை, ஆனால் கால் நின்றுவிட்டது.

"லுவான்... அன்னைக்கு வியாழக்கிழமை, நீ உள்ளதானே சாப்பிட்ட? சத்தியமா கோபப்பட மாட்டேன். சாப்பிட்டேன்னு சொல்லேன்."

அவன் நிமிர்ந்தான்.

"வெளியிலதான் சாப்பிட்டேன்னு மூணு தடவை எழுதினேன், நீங்க நம்பல. நாலாவதும் எழுதித் தரேன் அக்கா, இந்தத் தடவை என்ன எழுதணும்னு நீங்களே சொல்லுங்க."