எதிர்க் கட்டிடத்து மருந்து

அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் குப்பை கொட்டுவதே பெரிய விஷயம். இவர்கள் ஒரே ஆய்வகத்திலும் வேலை பார்த்தார்கள். அண்ணி மருந்து செய்பவர். நாத்தனார் அதை இதயத் தசைச் செல்களின் மேல் விட்டு, நுண்ணோக்கியில் துடிப்பையும் பக்கத்துத் திரையில் அதன் மின் சைகையையும் பார்ப்பவள். தாறுமாறாக ஓடும் இதயத்தை நிதானப்படுத்த வேண்டிய மருந்து அது. அடுத்த வாரம் ஆட்களுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். முதல் ஆளாகப் பேர் கொடுத்திருந்தவர் நாத்தனாரின் அப்பா. மருமகள் செய்த மருந்து என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று.

ஆனால் நாத்தனார் ஆய்வகத்தில் பார்த்தது வேறு. மின் சைகை ஒன்று வந்தால் செல் ஒரு தடவை சுருங்கி விரிய வேண்டும். மருந்து விட்ட செல்லில் சைகை அடங்காமல் இழுத்துக்கொண்டே போனது. அது அடங்குவதற்குள் செல் கூடுதலாக ஓர் உதறு உதறியது. மருந்து உள்ளே இருக்கும்போதே இயந்திரத்தால் சைகையைச் சுருக்கினால் உதறல் நின்றது. விட்டால் மறுபடி வந்தது. அப்பாவின் இதயம் இப்படி உதறினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

அண்ணியிடம் சொன்னாள்.

"செல்லு சரியில்ல. இல்லன்னா உன் கை சரியில்ல," என்று அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தன் மருந்தைக் குறை சொன்னால் அண்ணிக்கு ஆகாது. எதிர்க் கட்டிடத்து ஆய்வகத்தில் போட்டிக்கு இதே மாதிரி மருந்து செய்பவரைக் குறை சொல்லச் சொன்னால் வாயெல்லாம் பல். மறுநாள் நாத்தனார் முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"அண்ணி, எதிர்க் கட்டிடத்துக்காரரோட மருந்து கொஞ்சம் கிடைச்சுது. செல்லுல விட்டிருக்கேன். நீங்களே பாருங்களேன்."

அண்ணி கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"சைகை எவ்வளவு நீளமா இழுக்குது பாரு. இந்தா, உதறுது. இதைப் போய் மனுஷனுக்குக் குடுப்பாங்களா?"

"செல்லு கெட்டுப்போயிருக்குமோ?" என்றாள் நாத்தனார்.

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். தானே சைகையைச் சுருக்கினார். உதறல் நின்றது.

"செல்லு தங்கமான செல்லு. மருந்துதான் சைகையை நீட்டி உசுரை வாங்குது. இதைச் செஞ்ச ஆளுக்குக் கண்ணு எங்க போச்சு?"

"அண்ணி, இது உங்க மருந்து."

அண்ணி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. நாத்தனார் நையாண்டி செய்ய நிறையச் சேர்த்து வைத்திருந்தாள். ஆனால் அண்ணியின் முகம் சுண்டிப்போனதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி போனை எடுத்து மாமனாரைக் கூப்பிட்டார்.

"மாமா, உங்க பேரை எடுத்துடறேன். மருந்துல கோளாறு இருக்கு. நீங்க வர வேண்டாம்."

"நான் பெட்டியெல்லாம் கட்டிட்டேனேம்மா. அப்படிக் கறாரா குறை கண்டுபிடிச்சது யாரு?"

"நான்தான் மாமா."

நாத்தனார் வாயைத் திறந்தாள். யோசித்துப் பார்த்தால் அதில் பொய் ஒன்றும் இல்லை. மூடிக்கொண்டாள்.