வீட்டிலிருந்து மூன்று சத்தங்கள்

ரேகா டீச்சர் அனுப்பிய வாட்ஸப் செய்தியை ஷமீனா மறுபடியும் படித்தாள். வகுப்பில் ‘சத்தம் கண்டுபிடி’ விளையாட்டாம். டீச்சர் போனில் பதிவு செய்துவந்த சத்தங்களைப் போட, பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார்கள். அவள் மகன் ஆசிக் மட்டும் ஒன்றையும் சொல்லவில்லை. கவனம் போதவில்லை, வீட்டில் பழக்குங்கள், திங்கட்கிழமை அவனே மூன்று சத்தங்கள் பதிவு செய்துகொண்டு வரட்டும் என்று எழுதி, கடைசியில் ஒரு சிரிக்கும் பொம்மை வேறு.

குவைத்திலிருந்து பேசிய கணவன் அசாருதீன், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன கவனம் வேண்டிக்கிடக்கிறது, நானும் அப்படித்தான் இருந்தேன் என்று பெருமையாகச் சிரித்தான். கடல் தாண்டி இருப்பவர்களுக்கு எல்லாமே சின்ன விஷயம்தான்.

அவளே களத்தில் இறங்கினாள். குக்கர் விசில், மிக்ஸி, சந்து முனையில் திரும்பும் புவனகிரி பஸ்ஸின் ஹாரன் என்று பதிவு செய்து, மகனை எதிரில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினாள். பிள்ளை டக்டக்கென்று சொன்னான். அவளுக்கு உயிர் வந்தது. குழம்பு அடிபிடிக்கப் போகிறதே என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தைப் போட்டாள். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால், அவன் அவளுடைய முகத்துக்காகக் காத்திருந்தான். இவ்வளவு நேரமும் தான் ஒவ்வொரு விடையையும் வாய்க்குள் முணுமுணுத்துக் காட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கள்ளன், காப்பியடிக்கிறான் என்று சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

போனைக் கையில் கொடுத்ததும் ஆசிக் மாடிக்கும் கொல்லைக்குமாகப் பறந்தான். அந்தியில் மக்ரிப் தொழுதுவிட்டு, அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஷமீனா கேட்க உட்கார்ந்தாள்.

முதல் பதிவில் வெறும் இரைச்சல். என்ன இது என்றாள்.

“மாடிக் கொடியில எஞ் சட்ட ஆடுதுல்ல, அதும்மா.”

இரண்டாவதில் அதுவும் இல்லை. பட்டாம்பூச்சியாம். டீச்சரிடம் திட்டு வாங்கவா, சத்தம் வருகிற எதையாவது எடுக்கக் கூடாதா என்று அவள் கடிந்துகொண்டாள். அவன் முகம் சுருங்கிப் போயிற்று.

“அசையுதேம்மா. அப்ப சத்தம் வராதா?”

விளையாட்டாகத்தான் கேட்கிறானோ என்று முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. மூன்றாவதை அழுத்தினாள். கொல்லைச் சுவரில் ஊர்ந்த எறும்பு வரிசை அது என்று அவனே முந்திக்கொண்டு சொன்னான். போனை வாயருகே பிடித்திருக்க வேண்டும், அவன் மூச்சு மட்டும் சீராகக் கேட்டது. பிறகு, தூரத்தில் அவளுடைய குரல்.

“ஆசிக்.”

மூச்சு மாறவில்லை. “ஆசிக், சாப்புட வாடா.” சமையலறை வாசலிலிருந்து இன்னும் சத்தமாக. பிறகு கொல்லைக்குள்ளேயே, கோபமாக, “எத்தினி வாட்டிடா கூப்புடுறது?” அதே நிதானமான மூச்சு. கூப்பிட்டால் வராத திமிர் என்று மத்தியானம் முதுகில் வைத்த அடி, அடுத்து பளாரென்று கேட்டது. அழுகை இல்லை, திடுக்கிட்ட ஒரு சின்னக் குரல்.

“எப்பம்மா வந்த?”

பதிவு அத்தோடு முடிந்திருந்தது.

“கண்டுபுடிச்சியா?” என்றான் ஆசிக், ஆசையாக.

பதில் சொல்ல நினைத்தவளுக்கு உதடு கோணிக்கொண்டு வந்தது. சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆசிக் தலையைச் சாய்த்து, அந்தத் துணிக்குக் கீழே எட்டிப் பார்த்தான்.