ஆறே முக்கால் அறிவிப்பு

ராயப்பேட்டை அன்வரி பேகத்தின் முகத்தை டிவியில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் மூன்று தெருக்களில் இருந்த இருநூற்றுப் பத்து வீடுகளுக்கு அவருடைய குரல் தெரியும்.

தொண்ணூற்று மூன்றில் அவர் கணவர் அப்துல் வஹீத் மொட்டை மாடியில் டிஷ் வைத்து, மாடிக்கு மாடி கறுப்பு ஒயர் இழுத்து, கேபிள் டிவி நடத்தத் தொடங்கினார். அதுவரை ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் புள்ளி புள்ளியாகப் படம் பார்த்த ஜனங்களுக்குத் திடீரென்று பன்னிரண்டு சேனல். பதின்மூன்றாவது வஹீதுடைய சொந்தச் சேனல். அதில் வி.சி.ஆர். வைத்துப் படம் போடுவார். படத்துக்கு முன்னால், மாலை ஆறே முக்காலுக்கு, ஐந்து நிமிடம் தெரு அறிவிப்பு. தண்ணி லாரி எப்போது வரும், எங்கே கரண்ட் கட், யாருடைய சாவிக்கொத்து கிடைத்திருக்கிறது. முதல் நாளே வஹீதுக்கு இருமல் வந்து, மைக்கை மனைவியிடம் தள்ளிவிட்டார். அன்வரிக்குக் கேமரா முன்னால் உட்காரக் கூச்சம். அதனால் திரையில் ஒரு பூ ஜாடி மட்டும் தெரியும். குரல் மட்டும் வரும். மூன்றே மாதத்தில், மார்க்கெட்டில் அவர் கத்திரிக்காய் விலை கேட்டால் காய்க்காரம்மா நிமிர்ந்து, "அட, கேபிள் அம்மா!" என்பாள்.

தொண்ணூற்றாறில், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று, அச்சகத்தில் வேலை பார்த்த தணிகாசலம் வேர்க்க விறுவிறுக்க மாடியேறி வந்தார்.

"பாய், எம்பொண்ணு கணக்குல ஃபெயிலு. காலையில போனவ இன்னும் வரல. இதைக் கொஞ்சம் படிக்கச் சொல்லுங்க."

சீட்டில், 'அம்மா சீரியஸ். உடனே வரவும்' என்று எழுதியிருந்தது.

"அவங்களுக்கு இன்னா ஆச்சு?" என்று பதறினார் அன்வரி.

"ஒண்ணும் ஆவல. இப்படிப் போட்டாத்தான் ஓடியாருவா."

நேரமாகிவிட்டது. வஹீத் சுவிட்சைப் போட்டார். அன்வரி சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு மைக்கில் பேசினார். "காலையிலேருந்து வீட்டுக்குப் போகாத பொண்ணே, எங்க இருந்தாலும் கேளும்மா. உங்கம்மா சோறு எடுத்து வெச்சுக்கினு வாசல்லயே நிக்கிறாங்க. கணக்கை அக்டோபர்ல திரும்ப எழுதிக்கலாம். உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. எழுந்து வீட்டுக்குப் போ."

தணிகாசலத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரும் சொல்ல மாட்டாங்கன்னு வாக்கு குடுக்க நீங்க யாரும்மா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

பெண் அன்றே திரும்பி வந்துவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். ஆனால் தணிகாசலம் கேபிளைத் துண்டித்துக்கொண்டார். அடுத்த மாதம் வீட்டையும் காலி செய்துகொண்டு போய்விட்டார். வந்தவளுக்கு அடி விழுந்ததா, தான் கொடுத்த வாக்கு பொய்யாகிவிட்டதா என்பது அன்வரிக்குத் தெரியவே இல்லை. அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

இரண்டாயிரத்து மூன்றில் சென்னைக்கு செட்டாப் பாக்ஸ் வந்தது. எங்கோ ஒரு பெரிய கன்ட்ரோல் ரூமிலிருந்து எல்லாச் சேனலும் வரத் தொடங்கின. அதில் பதின்மூன்றாவதுக்கு இடமில்லை. பிறகு வீட்டுக்கு வீடு குடை போலச் சின்ன டிஷ். அப்புறம் ஃபைபர், கைக்குக் கை ஃபோன். வஹீத் காலமாகி ஏழு வருஷம் ஆகிறது.

போன மாதம் மருமகள் ஜுவேரியா, புது டிவி வாங்கலாம் என்று அன்வரியை தி.நகரில் ஒரு பெரிய கடைக்கு அழைத்துப் போனாள்.

"பட்டனெல்லாம் தேட வேணாம் மாமி. இந்த ரிமோட்டுல பேசுனாலே போதும்," என்றாள்.

அன்வரி ரிமோட்டை வாயருகே கொண்டுபோனார். மைக்கைப் பிடித்த பழக்கம். குரல் தானாகவே நிதானப்பட்டது. "இன்னிக்கு சென்னையில மழை வருமா?"

திரையில் மேகம் வந்தது. இரண்டு வரிசை தள்ளி யாருக்கோ ஃப்ரிட்ஜ் காட்டிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் பெண்மணி, பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள்.

"இன்னொரு தடவை பேசுங்கம்மா."

"ஏன்மா, எதுனா தப்பாயிடுச்சா?"

"நீங்க ராயப்பேட்டை கேபிள் அம்மாதானே? நான் அன்புக்கரசி. அச்சகத் தணிகாசலம் பொண்ணு."

அன்வரி ரிமோட்டைக் கீழே வைத்தார். நலம் விசாரிக்கக்கூடத் தோன்றவில்லை. "அன்னிக்கு அப்பா அடிச்சாராம்மா?" என்றுதான் கேட்டார்.

"இல்லம்மா. நான் அடுத்த தெருவுல சிநேகிதி வீட்டுல ஒளிஞ்சிருந்தேன். டிவி ஓடிக்கினு இருந்துச்சு. நீங்க பேசினதும் வீடே என்னைத் திரும்பிப் பாத்துச்சு. அழுதுக்கினே போனேன். அப்பா கையை ஓங்கினாரு. எங்கம்மா குறுக்க வந்துட்டாங்க. 'ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம்னு மூணு தெருவுக்கும் சொல்லியாச்சு. இப்ப அடிச்சா நாளைக்கு எப்படி வெளிய தலைகாட்டுவ?'ன்னாங்க. ஓங்கின கை அப்படியே எறங்கிடுச்சு."

"அப்புறம் ஏன் வீட்டை மாத்திக்கினு போனீங்க?"

"அப்பாவுக்கு வெக்கம். தெருவுல நடந்தா எல்லாரும் 'பொண்ணு வந்துட்டாளா'ன்னே கேட்டாங்களாம்."

"கணக்கு?"

"அக்டோபர்லயும் ஊத்திக்கிச்சு. மார்ச்சுலதான் பாஸ்."

அன்வரி சிரித்தார், சிரிக்கும்போதே கண் நிறைந்தது. ஜுவேரியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மாமி, நீங்க டிவியில வந்தீங்களா? ஒருநாளும் சொல்லலியே!"

"அது உங்க மாமா இழுத்த ஒயரு போற தூரம் வரைக்கும்தான்மா," என்றார் அன்வரி.

அன்புக்கரசி மாடி கேன்டீனுக்கு அவர்களை அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்தாள். "பாய் எப்படி இருக்காரு?" என்று கேட்டாள். அன்வரி சொன்னதும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். பிறகு, மழை நாளில் வஹீத் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒயரைத் தோளில் சுற்றி, கைப்பிடிச் சுவர் கைப்பிடிச் சுவராகத் தாண்டிப் போவதைத் தன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்ததைச் சொன்னாள். அன்வரி டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.