பாண் ஓட்டோவின் நாலு செக்கன்

நுஸ்கியின் சாப்பாட்டு மேசையில் ஒரு மாதமாக யாரும் சாப்பிடவில்லை. அதில் குடியிருந்தது ஒரு கிழட்டுக் கணினி. எண்பதுகளில் வெளிநாட்டுக்காரர் வீட்டில் வைத்து விளையாடிய சாமான். உப்புவெளி விடுதியொன்றில் வீசப்போனதை இவன் தூக்கி வந்தான். வெளியில் கேட்கிற சத்தத்தைப் பதிவுசெய்ய அதன் முதுகில் செருகும் சின்னப் பலகையொன்று அந்தக் காலத்தில் இருந்ததாம். இப்போது எங்கும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் செய்துவிட வேண்டியதுதானே? உட்துறைமுக வீதியில் கைபேசி திருத்துகிறவனுக்கு இந்தத் திமிர்கூட இல்லாவிட்டால் எப்படி! இணையத்தில் கிடைத்த படமொன்றைப் பார்த்து அச்சொட்டாக அதேபோலச் செய்தான்.

பேசிப் பதிந்தான். திருப்பிப் போட்டால் மீன் பொரிகிற சத்தம்.

"நாளைக்குத் தங்கச்சியப் பொண்ணு பார்க்க வாறாங்க," என்றாள் மனைவி ஷிஃபானா. "மனிசருக்கு விளங்கிற ஒரு சத்தம் இண்டைக்கு வந்தா, நான் எதிர்வீட்டுப் பாக்கியரத்தினம் அக்காட மேசைய இரவல் கேக்கிறன். வராட்டி, உங்கட சாமானெல்லாம் பரணுக்கு."

பரண் தகரக் கூரைக்கு அடியில். அந்த வெக்கையில் கிழட்டுக் கணினி பிழைக்காது.

நுஸ்கி அந்த இணையப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தான். பலகையில் ஓர் எழுத்துக்கூட இல்லை. மேற்பக்கமென்றால் அச்செழுத்து இருக்குமே! அடப் பாவி, படமெடுத்தவன் எடுத்தது அடிப்பக்கத்தை. இவனுடைய பலகையில் எல்லாம் இடம் வலம் மாறிக் கிடந்தன. அதிலிருந்த சிப்பைக் கழற்றிப் பலகையின் மறுபக்கத்தில் ஈயம் வைத்து ஒட்டினான்.

அந்நேரம் பாட்டுப் போட்டபடி தெருவில் ரொட்டி விற்கிற பாண் ஓட்டோ போனது. ஷிஃபானா குளித்துக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்கவில்லை. நுஸ்கி மைக்கை யன்னலுக்கு வெளியே நீட்டினான். கணினிக்குள் கொள்வதே நாலு செக்கன் சத்தம்தான்.

அவள் குசினிக்குள் போனதும், சத்தத்தை உச்சத்தில் வைத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டான்.

"இஞ்சேருங்க, பாண் ஓட்டோ! நிப்பாட்டுங்க, நாளைக்குப் பணிஸ் வேணும்!"

சொன்ன கையோடு முக்காட்டை இழுத்துப் போட்டு அவளே ஓடினாள். படலையில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஓட்டோவைக் காணவில்லை. எதிர்வீட்டுப் பாக்கியரத்தினம் அக்காவும் கூடையோடு நின்று வெறுந்தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு வீட்டுக்குள்ளிருந்து வருவது இருவருக்கும் ஒன்றாகத்தான் விளங்கியது. வாசலுக்கு வந்த நுஸ்கி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். சந்தோஷம் தாங்கவில்லை அவனுக்கு.

ஷிஃபானா அவனை ஒரு முறை முறைத்துவிட்டு எதிர்வீட்டுப் பக்கம் திரும்பினாள். "அக்கா, நாளைக்கு உங்கட மேசைய ஒருக்காத் தருவீங்களா?"

"ஓம், தாறன்," என்றார் அக்கா. "பாண் எங்க?"

நுஸ்கி சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓட்டோ போன திக்கில் மிதித்தான்.