பிளெக்ஸ் கடை விக்கி போட்ட மரம்

எட்டு மாதமாக என் கைடு திருமுருகன் சார் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "மணிமொழி, எது எதோட அக்கா தங்கச்சி? அத மட்டும் சொல்லு." கேட்டது கிப்பன்களைப் பற்றி. வாலில்லாத, கை நீண்ட அந்தக் குரங்குகளில் நான்கு வகை. மரபணுக்களை ஒப்பிட்டு, எது எதிலிருந்து எப்போது பிரிந்தது என்று கண்டுபிடிப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு.

அரியலூர்ப் பக்கம் தோண்டினால் கல்லாகிப்போன கடல் சங்கு கிடைக்கிறது. கிப்பன்களின் மூதாதைகளோ எலும்பைக்கூட அதிகம் விட்டுவைக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டன. மரபணுதான் பெரிய சாட்சி. அந்தச் சாட்சியும் வேளைக்கு ஒரு பேச்சுப் பேசியது. ஒரு மரபணு, நான்கில் ஹூலாக், சியாமாங் என்ற இரண்டு வகையும் அக்கா தங்கை என்றது. அடுத்தது இல்லவே இல்லை என்றது. நான்கையும் பதினைந்து விதமாகச் சேர்த்து வம்சாவளி மரம் வரையலாம். பதினைந்துக்கும் ஆதரவாகச் சில மரபணுக்கள் இருந்து தொலைத்தன. கடைசியில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். சுமார் ஐம்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன் நான்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிரிந்திருக்கின்றன. யார் முதல், யார் பின் என்று என்னிடம் இருக்கும் தரவை வைத்துச் சொல்ல முடியாது.

"தெரியலங்கறது ஒரு பதிலா?" என்றார் சார். ஆய்வேட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அவர் கையெழுத்து கிடைக்காவிட்டால் ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமைதான் அரியலூரில் கருத்தரங்கு. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் விக்கி கடையில், என் ஆய்வை விளக்க அடிக்கக் கொடுத்திருந்த பிளெக்ஸை வாங்கி, சுருட்டியது சுருட்டியபடியே பஸ் ஏறினேன். அரங்கில் பிரித்ததும் ரத்தம் தலைக்கு ஏறியது. நான் கொடுத்த படத்தில் ஒரே புள்ளியிலிருந்து நான்கு கோடு, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கிப்பன் படம். பிளெக்ஸில் அவை இரண்டிரண்டாக ஜோடி கட்டியிருந்தன. சுற்றிலும் ரோஜாப்பூ வேறு.

போனில் கத்தினேன். "என்ன விக்கி பண்ணி வச்சிருக்கீங்க?"

"நாலு கோடும் ஒரே எடத்துலேர்ந்து கெளம்புச்சுங்க மேடம். அலைன்மென்ட் போயிடுச்சோன்னு நாந்தான் சரி பண்ணேன். கருப்பா இருந்த ரெண்டையும் ஒரு பக்கம் வச்சேன். காதுகுத்து பிளெக்ஸ்ல தாய்மாமனுங்கள அப்படித்தான வைப்போம்?"

பதில் சொல்வதற்குள் பின்னால் சார் வந்து நின்றார்.

"அடடே! இதத்தான எட்டு மாசமா கேட்டேன்? ஹூலாக்கும் சியாமாங்கும் ஒரு ஜோடி. எவ்வளவு தெளிவா இருக்கு பாரு! எங்க, அந்தப் படிவத்த எடு."

எடுத்து நீட்டினேன். பேனா மூடியைக் கழற்றினார். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், எட்டு மாதப் பாடு அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"சார், இது நான் போட்டதில்ல. பிளெக்ஸ் கடைக்காரரு கலரப் பாத்து ஜோடி சேத்துட்டாரு."

சார் மரத்தை இன்னொரு முறை பார்த்தார். "பிளெக்ஸ்காரனுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையே" என்றார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அடுத்த பிளெக்ஸுக்குப் போய்விட்டார்.

ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிளெக்ஸைத் திருப்பிப் போட்டேன். வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து நான்கு கோடு இழுத்தேன். கோணல்மாணலாக வந்தது.

விக்கி மறுபடி அழைத்தார். "கோச்சுக்காதீங்க மேடம், வேற அடிச்சுத் தரேன். சார் பாத்துட்டாரா? என்ன சொன்னாரு?"

"உங்க மரத்துக்குக் கையெழுத்துப் போட வந்தாருங்க," என்றேன். "நாந்தான் கெடுத்துட்டேன்."