மயில்வாகனனார் விழா

பாடாங் செராய் ஊரில் இருக்கும் எர்னஸ்டின் மகள் நிகோல், ஐரோப்பாவின் பழைய ஓவியங்களைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பியிருந்தாள். ஊர்ச் சங்கத்தில் பேச அழைத்தார்கள். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் ஜெபப்புத்தகங்களுக்குப் படம் வரைந்த ஒருவனைப் பற்றிப் பேசினாள். அவன் பெயர் எங்கும் இல்லை. வரைந்த விதத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். பெண்களுக்கு நீண்ட விரல், பாதி மூடிய கண், ஓரங்களில் கொடி, கொடிக்குள் மயில்.

மயில் திரையில் வந்ததும் சங்கத் தலைவர் குணாளன் எழுந்தார்.

"இவரு எங்க பொறந்தாருமா?"

"தெரியாது அங்கிள்."

"அப்ப தமிழரா இருக்கலாம் லா!"

கூட்டம் கைதட்டியது.

"அங்க எல்லாருமே மயில் வரைஞ்சாங்க அங்கிள்."

"தமிழர் இல்லன்னு புரூஃப் இருக்கா?"

நிகோலுக்குப் பொய் வரவில்லை. "இல்லதான், ஆனா..." என்றாள். அதற்குமேல் அவள் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

இரண்டு நாளில் ஒரு பத்திரிகை, 'பிரான்சை வியக்கவைத்த தமிழ் ஓவியர்: டாக்டர் நிகோல் ஒப்புதல்' என்று எழுதியது. எர்னஸ்ட் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

"அது பொய்ப்பா!"

"போட்டோ நல்லா வந்திருக்கேம்மா."

அவள் மறுப்புக் கடிதம் எழுதினாள். சங்கத்திலிருந்து, ஓவியருக்கு விழா எடுப்பதாகவும் அவளே சிறப்பு விருந்தினர் என்றும் பதில் வந்தது. பெயரில்லாதவருக்கு விழா எடுக்க முடியாதாம். மூன்று கூட்டம் போட்டு, சண்டை பிடித்து, மயில்வாகனனார் என்று வைத்திருந்தார்கள்.

மேடையிலாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நிகோல் போனாள். பொன்னாடை போர்த்தினார்கள், மைக்கைக் கொடுக்கவில்லை. கோபத்தோடு இறங்கிப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பெண், அந்தப் படத்தைக் காட்டச் சொன்னாள். பெயர் உமாராணி, ஊர் சிடாம் கிரி, கையுறைத் தொழிற்சாலையில் சரக்கைச் சோதிக்கும் வேலை. நிகோலின் கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இவரு பீச்சாங்கையா தங்கச்சி?"

"ஏன்க்கா?"

"நெழலுக்குப் போட்ட கோடெல்லாம் எதிர்ப்பக்கமா சாயுது பாரு. நான் நாளு பூரா எடது கையா, வலது கையான்னுதான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

நிகோல் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். நான்கு வருடம் விரல்களை அளந்தவள், கோடுகளைப் பார்த்ததேயில்லை. அடுத்த பக்கத்தைத் திறந்தாள். அதிலும் அப்படியே சாய்ந்திருந்தன. மேடையில் குணாளன் கேக் வெட்ட அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்.

"இருங்க அங்கிள்," என்று இருந்த இடத்திலிருந்தே கத்திவிட்டு, நிகோல் உமாராணியின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.